வெண்டல் இன்னும் வெளியேறவில்லை

எங்கள் தீவு கனடாவுக்குச் சொந்தம். ஆனால் தீவிலிருந்து கிளம்புகிற ஒரே பாலம் அமெரிக்காவில் போய் இறங்குகிறது. ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று கேட்டால், அந்தக் கரைதான் கிட்டத்தில் இருந்தது என்பார்கள். பல் பிடுங்க வேண்டுமா, கோர்ட்டுக்குப் போக வேண்டுமா, பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போய், ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி, வேறொரு வாசல் வழியாக மறுபடியும் எங்கள் நாட்டுக்குள்ளேயே நுழைய வேண்டும். கோடையில் மட்டும் ஒரு படகு உண்டு. செப்டம்பரில் அதுவும் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பாலத்தின் எங்கள் முனையில் எல்லைத் துறைக்கு ஒரு சாவடி இருக்கிறது. உள்ளே வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். வெளியே போகிறவர்களை யாரும் நிறுத்துவதில்லை. போகிறவர் வண்டியிலிருந்து ஒரு கையை ஆட்டுவார், சாவடிக்காரர் பதிலுக்கு ஆட்டுவார். முன்பு இருந்த கிளேட்டன் இடது கையால்தான் ஆட்டுவார், வலது கையில் காபி இருக்கும். யாராவது கை ஆட்டாமல் போய்விட்டால் சாயங்காலம் போன் செய்து, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார். எங்கள் ஊரில் நாட்டை விட்டுப் போகிற சடங்கு மொத்தமே அவ்வளவுதான்.

கிளேட்டன் ஓய்வு பெற்றுப் போனதும் ஆக்ஸ்லி வந்தார். தலைநகரத்தில் பயிற்சி பெற்றவர். சட்டையின் மடிப்பில் தக்காளி நறுக்கலாம். வந்த வாரமே, உள்ளே சிங்கி இறால் கொண்டுவரக் கூடாது என்று ஒரு போர்டு வைத்தார். தீவே சிங்கி இறால் பிடித்துத்தான் பிழைக்கிறது. புதிதாக வந்தவர், ஏதாவது செய்ய வேண்டுமே என்று விட்டுவிட்டோம்.

வெண்டல் அமெரிக்காக்காரர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. வீட்டுக்குச் சூடு தருகிற உலைகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். சில குளிர்காலங்களுக்கு முன்னால் எங்கள் தெல்மாவின் உலையைப் பார்க்க வந்தார். தெல்மா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அவளும் தனி ஆள். அந்த உலைக்கு என்ன நோயோ, வாரத்துக்கு ஒருமுறை கெட்டது. வெண்டலும் வாரத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு அவர் போவதை நிறுத்தினார், உலையும் கெடுவதை நிறுத்தியது. கல்யாணம் நவம்பரில் என்று முடிவானது. சிங்கி இறால் கூண்டுகளைக் கடலில் இறக்குகிற நாளுக்கு முந்தைய சனிக்கிழமை. கூண்டு இறக்கிவிட்டால் அப்புறம் வசந்தம் வரை தீவில் ஆம்பிளை யாரும் கரையில் இருக்க மாட்டார்கள், சர்ச்சில் பாட ஆள் கிடைக்காது. அந்தச் சனிக்கிழமையை விட்டால் ஆறு மாதம் தள்ள வேண்டும்.

அக்டோபர் ஆரம்பத்தில் ஒருநாள் வெண்டல் கல்யாணக் கோட்டும், பாலும், உருளைக்கிழங்கு மூட்டையுமாகப் பாலத்தின் வழியே திரும்பி வந்தார். ஆக்ஸ்லி நிறுத்தினார்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு."

தீவில் எல்லோரும் சொல்கிற பதில்தான். ஆனால் ஆக்ஸ்லி கையில் வெண்டலின் பாஸ்போர்ட் இருந்தது, அது அமெரிக்க பாஸ்போர்ட்.

"யாரு வீடு?"

"தெல்மா வீடு."

"அப்ப அது உங்க வீடு இல்லையே."

"அதை அவகிட்ட சொல்லிடாதீங்க ஆபீசர். பாத்ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சதே நான்தான்."

ஆக்ஸ்லி பேனாவைத் திறந்தார். "நீங்க இங்க பார்வையாளரா வந்துட்டுப் போறவர். பார்வையாளர்னா பார்க்கணும். பெயிண்ட் அடிக்கக் கூடாது. உங்க பல்தேய்க்கிற பிரஷ் எங்க?"

"தெல்மாவோட குவளையில."

"பார்வையாளரோட பிரஷ் பெட்டியில இருக்கணும்."

"குவளையில ரெண்டுக்கு இடம் இருந்துச்சு."

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, வெண்டல் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வாசித்தார். ஒரு மாதம் அவகாசம். ஒழுங்காகப் போய்விட்டால் எதிர்காலத்தில் சாதாரணமாகத் திரும்பி வரலாம். போகாவிட்டால் நாடு கடத்தப்பட்டவர் ஆகிவிடுவார். அப்புறம் திரும்பி வர தலைநகரத்திலிருந்து தனி அனுமதி வேண்டும். அதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

"வாசிக்கிறப்ப குரல் கொஞ்சம் நடுங்கிச்சு," என்று வெண்டல் அன்று ராத்திரி சாப்பாட்டில் சொன்னார். "பாவம், முதல் உத்தரவு போல."

தெல்மா யோசித்தாள். "ஒழுங்கா போயிடு. உங்க அக்கா வீட்ல இரு. கல்யாணத்துக்கு முன்னாடி முறைப்படி கேட்டுக்கிட்டு வந்துடு. சட்டத்தோட நமக்கு எதுக்கு வம்பு."

மறுநாள் காலையிலேயே வெண்டல் கிளம்பினார். பிரஷைக்கூட எடுத்துக்கொண்டார். சாவடியைத் தாண்டும்போது வழக்கம்போலக் கையை ஆட்டினார். ஆக்ஸ்லி உள்ளே போனில் இருந்தார், ஆனாலும் கையைத் தூக்கி ஆட்டினார். தெல்மா வாசலில் நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன், என் வீடு பக்கத்து வீடு.

அக்கா மேவிஸின் வீடு நேர் எதிர்க்கரையில். நடுவில் இருக்கிற கடல் ஒரு வாய்க்கால் அளவுதான். மேவிஸ் வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெல்மா வீட்டு அடுப்படி தெரியும். வெண்டல் தினமும் அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு போனில் பேசுவார். "சூப்புக்கு இன்னும் உப்பு போடல போலிருக்கே," என்பார். தெல்மா திரையை இழுத்து மூடுவாள்.

ஒரு மாதம் முடிந்த மறுநாள் ஆக்ஸ்லி தெல்மா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வெண்டலைக் கூப்பிடுங்கம்மா. அவர் இன்னும் வெளியேறல."

"அவர் போய் ஒரு மாசம் ஆச்சே தம்பி."

"எங்க பதிவுல போகல. போறப்ப சாவடிக்குள்ள வந்து, போறேன்னு சொல்லி, சான்று வாங்கிட்டுப் போயிருக்கணும். உத்தரவோட பின்பக்கத்துல இருக்கு."

தெல்மா உத்தரவைத் திருப்பிப் பார்த்தாள். எறும்பு நடந்த மாதிரி எழுத்து. உள்ளே போய் பைனாகுலரை எடுத்து வந்து கொடுத்தாள். "அந்த மஞ்சள் வீட்டு ஜன்னலைப் பாருங்க."

ஆக்ஸ்லி பார்த்தார். வெண்டல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இவர் பார்ப்பதைக் கண்டு கத்தியை ஆட்டினார்.

"தெரியுதா?"

"தெரியுது. ஆனா கண்ணுக்குத் தெரியறது ஆதாரம் ஆகாதும்மா."

"அவர் போனப்ப நீங்களே கை ஆட்டினீங்களே."

ஆக்ஸ்லி முகம் சிவந்தது. "அது மரியாதைக்கு ஆட்டினது. அலுவல் முறையில ஆட்டல."

கல்யாணத்துக்கு அப்போது ஒரு வாரம்தான் இருந்தது. தெல்மா போன் செய்ததும் வெண்டல் கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்தில் நடந்தே வந்தார். சான்றுதானே, வாங்கிவிடலாம் என்று. நானும் தெல்மாவும் சாவடிக்கு இந்தப் பக்கம் போய் நின்றோம்.

"போனதுக்கான சான்று வேணும் ஆபீசர்."

"அது உள்ள இருந்து வெளிய போறவங்களுக்குத் தர்றது. நீங்க வெளிய இருந்து வர்றீங்க."

வெண்டல் யோசித்துவிட்டு அமெரிக்காவைப் பார்க்கத் திரும்பி நின்றார். "இப்ப?"

"முகத்தைத் திருப்பினா ஆச்சா? உடம்பு உள்ள இருந்திருக்கணும்."

"அப்ப ஒரு நிமிஷம் உள்ள விடுங்க. வந்த கையோட வெளிய போயிடறேன்."

"உள்ள விட முடியாது. உங்க மேல இப்ப நாடு கடத்தல் இருக்கு. தலைநகர அனுமதி வேணும்."

"அனுமதி கேட்கறேன்."

"கேட்க முடியாது. அது நாட்டை விட்டுப் போனவங்க திரும்பி வர்றதுக்கு. நீங்க இன்னும் போகவே இல்ல."

வெண்டல் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க ஆபீசர். நான் இப்ப எங்க இருக்கேன்?"

ஆக்ஸ்லி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். "தெல்மா அம்மா வீட்ல."

"நல்லதாப் போச்சு. அப்ப சாப்பிட வரட்டுமா?"

"வர முடியாது. நீங்க வெளியில நிக்கிறீங்க."

தெல்மா என் கையைக் கிள்ளினாள். எதற்கு என்று கேட்டேன். "கனவா இருந்தா எந்திரிச்சிடலாமேன்னு," என்றாள். தன் கையைக் கிள்ளியிருக்கலாம்.

வெண்டல் திரும்பி நடந்தார். பழக்கதோஷம், போகும்போது கை ஆட்டினார். ஆக்ஸ்லி இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அன்றே தெல்மா தலைநகரத்துக்குப் போன் போட்டாள். வெளியேற்றப் பிரிவின் தலைமை அதிகாரி கார்மைக்கேல் மேடம் பேசினார். குரல் பாலாடை மாதிரி இருந்தது.

"கவலைப்படாதீங்கம்மா. எங்க பிரிவு தொடங்கின நாள்ல இருந்து யாரும் தப்பிச்சுப் போனதே இல்ல."

"யாரையாவது வெளிய அனுப்பியிருக்கீங்களா?"

"எல்லாரும் அனுப்பப்பட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. முழுசா முடிஞ்சது இன்னும் இல்ல. உங்க வெண்டல்தான் எங்களுக்கு முதல் ஆளா இருப்பார்னு நம்பிக்கையா இருக்கோம்."

"அவர் ஏற்கனவே போயிட்டார் மேடம்."

"அப்படிச் சொல்லி மறைக்கறது மனித இயல்புதான். நாங்க புரிஞ்சுக்கறோம்."

புதன்கிழமை மேடமே நேரில் வந்துவிட்டார். கூட நாலு காவலர்கள். தலைநகரத்திலிருந்து எங்கள் தீவுக்கு வர அவர்களுக்கும் அமெரிக்கா வழிதான். அந்தப் பக்கத்து ஆட்கள் பெட்டியைத் திறந்து கைவிலங்குகளைப் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காக்காரர் ஒருவரை அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கு என்று மேடம் விளக்கியிருக்கிறார். அவர் பேர் என்ன, வெண்டலா, அவரை இப்போதுதான் பேக்கரியில் பார்த்தோமே என்றிருக்கிறார்கள். மேடம் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வேறு நாட்டுத் தகவல்.

தெல்மாவின் வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். உலைக்குள் டார்ச் அடித்தார்கள். பாத்ரூமில் குவளையில் ஒரே ஒரு பிரஷ் இருந்தது.

"பிரஷோட தலைமறைவாயிட்டார்," என்றார் மேடம்.

அந்த நேரம் பார்த்து தெல்மாவின் போன் அடித்தது. வெண்டல். "தெல்மா, கொல்லையில ஒரு தடியன் உன் முட்டைக்கோஸை மிதிச்சுக்கிட்டு நிக்கிறான்."

தெல்மா போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள். மேடம் குனிந்து பேசினார்.

"வெண்டல், நான் வெளியேற்றப் பிரிவுத் தலைமை அதிகாரி. நீங்க எங்க இருக்கீங்க?"

"அக்கா வீட்ல மேடம். அமெரிக்கால."

"அதாவது, வெளியேறாம நாட்டுக்கு வெளிய இருக்கீங்க. இது பெரிய குற்றம்."

பின்னாலிருந்து மேவிஸின் குரல் கேட்டது. "டேய், யாருடா அது?"

"வெளிய போகச் சொல்றாங்கக்கா."

"வெளியதானடா இருக்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மேடம் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தெல்மா எல்லோருக்கும் மீன் சூப் ஊற்றினாள். நாலு காவலர்களும் குடித்தார்கள். முட்டைக்கோஸை மிதித்தவனுக்கும் ஊற்றினாள், கொஞ்சம் குறைவாக.

"உங்களுக்கு இது விளையாட்டா தெரியலாம்," என்றார் மேடம். "ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கங்க. மனுஷங்க போறது வேற, வெளியேறுறது வேற. போறதுக்குக் கால் இருந்தா போதும். வெளியேறுறதுக்கு நாங்க வேணும். எல்லாரும் அவங்கவங்க பாட்டுக்குப் போக ஆரம்பிச்சுட்டா, எங்களை எதுக்குன்னு கேட்பாங்க."

சூப்பை ஒரு வாய் குடித்தார். "கேட்கவும் ஆரம்பிச்சுட்டாங்க," என்று மெல்லச் சொன்னார்.

தெல்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு மூன்று நாள். ஹாலுக்குச் சொல்லியாகிவிட்டது, பீன்ஸ் ஊறப் போட வேண்டும், பாஸ்டர் வேறு தினம் போன் செய்து, மாப்பிள்ளை எந்தக் கரையில் இருக்கிறார் என்று கேட்கிறார்.

"மேடம்," என்றாள். "அவரை வெளிய அனுப்பணும்னா முதல்ல உள்ள கொண்டாரணும் இல்லையா?"

மேடத்தின் கரண்டி நின்றது. "வெளியேற்றுவதற்காக உள்நுழைத்தல்," என்று மெதுவாகச் சொன்னார். இன்னொரு முறை சொன்னார். காவலர்களில் ஒருவன் எழுதிக்கொண்டான். புது விதி ஒன்று எங்கள் தெல்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று வைத்தார்கள். வெண்டலைப் பாலத்தின் நடுவிலிருந்து காவலோடு சாவடி வரை உள்ளே கொண்டுவருவது, சான்றில் கையெழுத்து, பிறகு முறைப்படி வெளியேற்றம். தெல்மாவுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். அதற்கப்புறம் அனுமதிக்கு விண்ணப்பித்து, வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அப்ப எதுக்குடி சொல்லிக் கொடுத்தே?" என்றேன்.

"ஒரு பத்து நிமிஷமாவது கிட்ட பாக்கலாம்ல," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ரேடியோவில் காற்று எச்சரிக்கை சொன்னார்கள். எங்கள் பாலத்தில் காற்று ஒரு அளவுக்கு மேல் போனால் அமெரிக்கப் பக்கத்தில் தடுப்புக் கட்டையை இறக்கிவிடுவார்கள். இது தீவில் பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆக்ஸ்லி மேடத்திடம் சொல்லப் போனார். மேடம், வானிலை வேறு துறை என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் எல்லோரும் சாவடியில் போய் நின்றோம். பாலத்தின் நடுவிலிருந்து வெண்டலை உள்ளே கொண்டுவந்தார்கள். வெண்டல் நடுவில், ஒரு பக்கம் ஆக்ஸ்லி, நாலு மூலைக்கு நாலு காவலர்கள். கல்யாணக் கோட்டையே போட்டிருந்தார். அதுதான் அவரிடம் இருந்த நல்ல கோட்டு. தெல்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் முறைத்தாள், ஆனால் மூக்கு சிவந்துவிட்டது.

வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே போட்டோ எடுக்க வேண்டும் என்று மேடம் முதலில் சான்றில் கையெழுத்துப் போட்டார். வெண்டல் வெளியேறிவிட்டார் என்று அதில் இருந்தது. அந்தக் கணமே அது தலைநகரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. தலைநகரத்திலிருந்து உடனே பாராட்டும் வந்தது. பிரிவின் முதல் முழுமையான வெளியேற்றம். மேடத்தின் கண்கள் கலங்கின.

அடுத்து ஒத்திகை. வெண்டலைப் பாலத்து நடுவிலுள்ள எல்லைக் கோடு வரை நடத்தி, ஒரு காலைத் தாண்ட வைத்தார்கள். இரண்டாவது காலையும் தாண்டி அமெரிக்காவில் நின்றார்.

"அப்படியே போயிடட்டுமா மேடம்?" என்றார்.

"இது ஒத்திகை. வாங்க."

வந்தார். மறுபடி நடத்தினார்கள். ஆக்ஸ்லியின் நடை சரியில்லை என்று மூன்றாவது முறையும் நடத்தினார்கள். மூன்று தடவை நாட்டை விட்டுப் போனார், மூன்றுமே கணக்கில் சேரவில்லை.

பிறகு மேடம் உரையைப் பிரித்தார். உரை நீளம். "ஒரு நாட்டின் கதவு," என்று ஆரம்பித்தார். கதவின் கீல் பற்றி ஒரு பக்கம், தாழ்ப்பாள் பற்றி ஒரு பக்கம். காற்று தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போனது, ஒரு காவலன் ஓடி ஓடிப் பிடித்துக் கொடுத்தான். பக்கம் மாறி வந்ததால் தாழ்ப்பாள் இரண்டு முறை வந்தது. மேடம் நிறுத்தவில்லை. "ஆகவே போகிறவரே, சென்று வாருங்கள், ஆனால் வராதீர்கள்," என்று முடித்து நிமிர்ந்தபோது அந்தப் பக்கம் தடுப்புக் கட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பாலம் மூடியாகிவிட்டது.



"எப்பத் திறப்பாங்க?" என்றார் மேடம்.

"காத்து அடங்கினதும்," என்றார் ஆக்ஸ்லி. "நாளைக்கு ராத்திரியோ, ஞாயித்துக்கிழமையோ."

"அதுவரைக்கும் இவரை முறையான காவல்ல வைக்கணும். தடுப்புக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போங்க."

"அது தீவுல இல்ல, மெயின்லேண்டுல இருக்கு மேடம். பாலத்து வழியாத்தான் போகணும். படகும் இல்ல. அதுமட்டும் இல்ல, அமெரிக்கா வழியாப் போனா..." ஆக்ஸ்லிக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. "போனா, அவர் காவல்ல இருந்து நாட்டை விட்டுப் போன மாதிரி ஆயிடும்."

மேடம் சாவடியைப் பார்த்தார். அதில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். சர்ச் ஹாலில் கல்யாணத்துக்கு ஜோடனை நடந்துகொண்டிருந்தது. மேடம் விதிப் புத்தகத்தைக் காற்றில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தார். வேறு இடம் இல்லாதபோது, உள்ளூரில் நிரந்தர வீடு உள்ள, நல்ல நடத்தை உள்ள ஒருவர் பொறுப்பில் விடலாம். ஆனால் அவர் அந்த ஆளுக்கு உறவினராக இருக்கக் கூடாது.

தெல்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் இருக்கேன்."

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் தெல்மா.

ஆக்ஸ்லி இருமினார். மேடம் பாரத்தை நீட்டினார். தெல்மா அந்தக் காற்றிலும் நிதானமாக, பள்ளிக்கூடத்தில் அரிசி மூட்டைக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி, ஒரு ஆளைப் பெற்றுக்கொண்டேன் என்று போட்டாள். வெண்டலின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். காவலர்கள் பின்னால் போனார்கள், சூப் இருக்குமா என்று ஒருவன் கேட்பது எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை காற்று சர்ச்சின் கூரையைப் பிய்த்துவிடும் போல அடித்தது. தீவே வந்திருந்தது. அக்கரையில் மாட்டிக்கொண்ட மேவிஸ் மட்டும் ஜன்னலில் பைனாகுலரோடு. காவலில் உள்ளவரை விட்டு ஒரு கை தூரத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்ததால், மாப்பிள்ளைத் தோழன் நிற்கிற இடத்தில் ஆக்ஸ்லி நின்றார். மோதிரத்தையும் அவரிடமே கொடுத்தோம். சட்டை மடிப்பு அன்றுதான் உபயோகப்பட்டது.

பாஸ்டர் கேட்டார். "இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

தலைகள் எல்லாம் கடைசி வரிசைக்குத் திரும்பின. மேடம் மடியில் விதிப் புத்தகம் திறந்திருந்தது. தெல்மா மனைவி ஆகிவிட்டால் உறவினர், காவல் செல்லாது. காவல் செல்லாவிட்டால் ஆளை மாற்ற வேண்டும். மாற்ற இடம் இல்லை. அவர் பக்கத்தைத் திருப்பினார், திரும்பவும் முன்பக்கத்துக்கு வந்தார்.

மேடம் புத்தகத்தை மூடினார். "இது எங்க பிரிவுக்கு வராது," என்றார்.

பாஸ்டர் தெல்மாவிடம் திரும்பினார். "தெல்மா, வெண்டலை உன் கணவனா ஏத்துக்கறியா?"

"அவரை நேத்தே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேனே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று அடங்கியது. கட்டை தூக்கியாகிவிட்டது என்று ஆக்ஸ்லி வந்து சொன்னார். தெல்மா வெண்டலின் கையை விடவில்லை. மேடம் அடுப்படி மேசையில் உட்கார்ந்து வெகுநேரம் சான்றையே பார்த்தார். வெள்ளிக்கிழமையே வெளியேறிவிட்டார் என்று அவர் கையெழுத்து சொல்கிறது. தலைநகரம் பாராட்டியாகிவிட்டது. போட்டோ சுவரில் மாட்டியாகிவிட்டதாம். இப்போது மறுபடி வெளியேற்றினால், ஏற்கனவே வெளியேறியவர் எப்படி இருந்தார் என்று கேள்வி வரும்.

"வெண்டல்," என்றார் மேடம், அவர் தலைக்கு மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி. "நீங்க போயிட்டீங்க. அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல."

"சரிங்க மேடம்."

"உங்களை நான் இங்க பாக்கல."

"இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா?" என்றார் வெண்டல்.

"அரைக் கப்," என்றார் மேடம்.

அவர் போன பிறகு தெல்மா முறைப்படி வெண்டல் திரும்பி வர அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டாள். அது பரிசீலனையில் இருக்கிறது. நாட்டுக்கு வெளியே நல்லபடியாக நடந்துகொள்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறார்களாம். அதுவரை வெண்டல் பாலத்துப் பக்கம் போக முடியாது. போனால் மறுபடி வெளியேறாதவர் ஆகிவிடுவார். பாலும் உருளைக்கிழங்கும் தெல்மாதான் போய் வாங்கி வருகிறாள். மேவிஸுக்கு ஜன்னலிலிருந்து கை ஆட்டுகிறார். பிரஷ் குவளைக்குத் திரும்பிவிட்டது.

நாடு கடத்தப்பட்டவர் திருட்டுத்தனமாக வந்துவிட்டாரா என்று மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்து எழுத வேண்டியது ஆக்ஸ்லியின் வேலை. மீன் சூப் வைக்கிற நாளாகப் பார்த்துத்தான் வருவார். போன வாரமும் வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். கதவைத் தட்டியதும் வெண்டல் எழுந்து போய்த் திறந்தார்.

"வெண்டல் இருக்காரா?" என்றார் ஆக்ஸ்லி, தொப்பியைக் கழற்றிக்கொண்டே.

"அவர் போயி ரொம்ப நாளாச்சே ஆபீசர்," என்றார் வெண்டல். "உள்ள வாங்க, சூப் ஆறுது."